வெள்ளத்தில் நின்ற ஹெரால்ட்: துருவை வெட்டி எடுப்பதா, பட்டி போட்டு மூடுவதா?

11 பிப்ரவரி 2024, ஒரு வாசகரின் கேள்வி

அண்ணாச்சி, தாத்தா வாங்கிய 1967 ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், இரண்டு கதவு வண்டி. வீடு தூத்துக்குடி. டிசம்பர் வெள்ளத்தில் சீட் நனையும் அளவுக்குத் தண்ணீரில் நின்றுவிட்டது. இப்போது கதவுக்குக் கீழே கை வைத்தால் தகடு அப்பளமாக நொறுங்குகிறது. துருவை மாற்றும் கெமிக்கல் தடவி, மேலே பைபர் ஒட்டி, பட்டி இழுத்துப் பெயிண்ட் அடித்துவிட்டால் பத்து வருடம் தாங்கும் என்கிறார் எங்கள் டிங்கர். வெட்ட ஆரம்பித்தால் வண்டியே நடுவில் உட்கார்ந்துவிடுமாம். உண்மையா?

12 பிப்ரவரி 2024

உட்காராது. அம்பாசடரிலோ பத்மினியிலோ வேலை பழகியவர் அப்படிப் பயப்படுவது நியாயம்தான். அவற்றில் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, பாடியேதான் எலும்பு. கதவுக்குக் கீழே ஓடும் அந்தப் பெட்டி மக்கிப்போனால் நிஜமாகவே நடுவில் தொய்யும். ஹெரால்ட் கதை வேறு. அடியில் தனிச் சேசிஸ், மேலே துண்டு துண்டாக போல்ட் போட்டு முடுக்கிய பாடி.

இப்படி அமைந்ததற்கே ஒரு காரணம் உண்டு. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்ட் நிறுவனத்துக்கு பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-இல் போட்டியாளரான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாக அடித்துத் தர ஆள் இல்லை. சிறு சிறு தகடுகளாக வெவ்வேறு இடங்களில் அடித்து, சேசிஸ் மேல் வைத்துப் பூட்டலாம் என்று முடிவெடுத்தார்கள். உருவம் வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவான்னி மிக்கெலோட்டி. அங்கே 1959-இல் வந்தது, இங்கே சென்னை ஸ்டாண்டர்ட் கம்பெனி 1961-இல் ஆரம்பித்தது. பெருங்களத்தூர் பக்கம் ஜி.எஸ்.டி. ரோட்டில் அந்தத் தொழிற்சாலையைப் பார்த்தே வளர்ந்தவன் நான். அதனால் இந்த வண்டி மேல் கொஞ்சம் பாரபட்சம் உண்டு.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் கதவுக்குக் கீழே உள்ள படித்தகடு போல்ட்டில் நிற்கிறது, பாரம் தாங்குவதில்லை. கழற்றி வெளியே வைத்துவிட்டுக்கூட வேலை பார்க்கலாம். கவலைப்பட வேண்டியது அதற்கு உள்ளே: சேசிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள், அவற்றின் நுனியை இணைக்கும் பக்கச் சட்டம். பாடி உட்கார்ந்திருப்பது அவற்றின் மேல்தான். வெளியே அப்பளமாக இருந்தால் உள்ளே என்ன நிலைமை என்று பார்க்காமல் யாரும் விலை சொல்லக் கூடாது, டிங்கர் உட்பட.

12 பிப்ரவரி 2024, இரவு

ஒன்று விட்டுப்போனது. ஸ்டார்ட் செய்து பார்க்கலாமே என்று யாராவது கை துறுதுறுத்தால் தடுத்துவிடுங்கள். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். எஞ்சின், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸில் எண்ணெய்களில் தண்ணீர் கலந்திருக்கும். அது தனிப் பஞ்சாயத்து, இங்கே துருவை மட்டும் பேசுவோம்.

15 பிப்ரவரி 2024

"எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று தம்பி கேட்டிருக்கிறார்.

பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர், ஒரு காந்தம், ஒரு டார்ச் போதும். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தகட்டைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும், மக்கிய இடம் பொத்தென்று பதில் சொல்லும். பொத்தென்ற இடத்தில் முனையால் அழுத்துங்கள். உள்ளே போனால் போகட்டும், அந்த ஓட்டை ஏற்கெனவே அங்கே இருந்ததுதான். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வெளிப்பக்கம் தடவுங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. ஒட்டவே மறுத்தால் அங்கே இரும்பே இல்லை, யாரோ எப்போதோ பைபரில் கோயில் கட்டியிருக்கிறார்கள்.

ஹெரால்டில் பார்க்க வேண்டிய இடங்கள்: பேட்டரி உட்காரும் தட்டு (ஆசிட் சிந்திச் சிந்தி, எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே நிற்கும் ஃபயர்வால் தகட்டின் மேல்பகுதியே தின்னப்பட்டிருக்கும்), முன் சக்கரத்துக்குப் பின்னால் சேறு வந்து அடிக்கும் மூலை, கதவுக் கீல் நிற்கும் தூணின் அடி, காலடித் தகட்டின் வெளி ஓரம், டிக்கித் தளம், ஸ்டெப்னி உட்காரும் பள்ளம், பின் மட்கார்டின் வளைவு, கதவுகளின் கீழ் விளிம்பு. பிறகு சேசிஸ்.

உங்கள் விஷயத்தில் சேசிஸ்தான் முதல் சந்தேகம். வெள்ளத் தண்ணீர் வடிந்துவிடும், அது கொண்டுவந்த வண்டல் வடியாது. பெட்டிச் சட்டங்களுக்குள் போய்ப் படிந்து, காய்ந்தது போல் காட்டிக்கொண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டிய மழை அது. அந்தத் தண்ணீர் உப்பளங்களின் மேல் ஏறி உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் குளோரைடும் கூட வந்திருக்கும். உப்பு இருக்கும் இடத்தில் துரு ஓயாது, மேலே என்ன தடவினாலும் அடியில் வேலை செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே வெட்டுவதற்கும் முன்னால் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் செய்யும் கடையில் மெல்லிய குழாயை விட்டு, சேசிஸின் ஒவ்வொரு ஓட்டையிலும் நல்ல தண்ணீர் அடிக்கச் சொல்லுங்கள், தெளிந்த தண்ணீர் வெளியே வரும் வரை. போர் தண்ணீர் வேண்டாம், உங்கள் ஊரில் அதுவே உப்பு. பிறகு வெயிலில் நிறுத்தி, காற்று அடித்து, எலும்பு வரை காய விடுங்கள். கழுவி முடித்ததும் டீசல் ஸ்ப்ரே அடிக்கட்டுமா என்று பழக்கதோஷத்தில் கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், வெல்டிங் பாக்கி இருக்கிறது.

19 பிப்ரவரி 2024

துருவை மாற்றும் கெமிக்கல் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

அது ஏமாற்று அல்ல. ஒரு வகையில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், துருவை இரும்பு பாஸ்பேட்டாக்கும். இன்னொரு வகையில் டானின் இருக்கும், துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக இறுகும். கடுக்காயில் இருப்பதும் டானின்தான். கலம்காரித் துணியில் கடுக்காய்ச் சாறு ஊறிய இடத்தில் இரும்புக் கரைசலைத் தொட்டவுடன் கறுப்பு ஏறுகிறதே, அதே வேதியியல். (கடுக்காய்ப் பொடியைக் கரைத்துத் தடவலாமா என்று அடுத்த கேள்வி வரும். டிக்கிக்குள் ஒரு கீலில் தடவிப் பார்த்தேன். கறுத்தது. பெயிண்ட் அதன் மேல் ஒழுங்காகப் பிடிக்கவில்லை. மீதியை நாட்டு மருந்தாகப் பயன்படுத்திக்கொண்டோம்.)

அதன் எல்லை எங்கே என்பதுதான் கேள்வி. தகட்டின் மேல் மெல்லிய துரு, தேய்த்தாலும் குழிகளுக்குள் கறுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கிறது, அதற்கு அருமையான மருந்து. அடுக்கடுக்காக உரியும் துருவில் மேல் அடுக்கை மட்டும்தான் அது தொடும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடு ஒட்டும் இடத்தில் அது உப்பி, தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்த்திருக்கும் ஸ்பாட் வெல்டையே பிளந்துவிடும். அந்த இடுக்குக்குள் எந்தத் திரவமும் முழுதாகப் போகாது.

ஓட்டை விழுந்த தகட்டில் மாற்றுவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது? உங்கள் டிங்கர் சொல்லும் பத்து வருடம் எனக்குப் புரியவில்லை. தூத்துக்குடிக் காற்றில் இரண்டு ஐப்பசி தாண்டினால் பெரிது.

20 பிப்ரவரி 2024

ஒருவர், பாத்ரூம் கழுவும் ஆசிட் ஊற்றினால் துரு நுரைத்துக்கொண்டு போய்விடும் என்கிறார். போகும். அது ஹைட்ரோகுளோரிக். உப்பைக் கழுவ இவ்வளவு பாடுபட்ட பிறகு, நாமே குளோரைடை இடுக்குகளுக்குள் ஊற்றுவானேன்? மறுநாள் காலை பார்த்தால் மஞ்சள் மஞ்சளாகப் புதுத் துரு பூத்திருக்கும்.

கழற்றி எடுத்த சின்னச் சாமான்களுக்கு, அதாவது கீல், பிராக்கெட், போல்ட் வகையறாவுக்கு, லெமன் சால்ட் என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து இரவு முழுக்க ஊறப் போடுங்கள். எடுத்ததும் கழுவி, சலவைச் சோடாத் தண்ணீரில் முக்கி, உடனே துடைத்துக் காயவைத்து எண்ணெய் அல்லது பிரைமர். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஊற வைக்கலாம். மெதுவாகத்தான் நடக்கும், நாற்றம் தெருவைத் தூக்கும், ஆனால் நல்ல இரும்பைத் தொடாது. ஸ்பிரிங்குகளை மட்டும் எந்த ஆசிட்டிலும் போடாதீர்கள். ஹைட்ரஜன் ஏறி, பின்னால் பட்டென்று உடையும்.

27 பிப்ரவரி 2024

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார்: "அண்ணை, என்னட்டை மொறிஸ் மைனர் நிக்குது. நீங்கள் சொல்லுற மாதிரி கதவுக்குக் கீழ்ப் பகுதியைக் கழட்டிப்போட்டு வேலை செய்யலாமோ?"

கழற்றாதீர்கள் அண்ணை. நல்ல வேளை கேட்டீர்கள். மைனர் சலூன் அம்பாசடர் ஜாதி, தனிச் சேசிஸ் இல்லை. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும், முன் சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் சட்டமும் சேர்ந்துதான் வண்டியைப் பிடித்திருக்கின்றன. ஸ்பிரிங் வேலை பார்க்கும் முறுக்குக் கம்பிகளான முன் டார்ஷன் பார்களின் பின்முனை நிற்பதே அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான். அதில் துரு என்றால் அழகுப் பிரச்சினை இல்லை, சஸ்பென்ஷன் பிரச்சினை. கதவு வாசலுக்குள் கோண இரும்பை வெல்ட் செய்து பிடிமானம் கொடுத்த பிறகு, ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் தொடுங்கள். சிறு சிறு துண்டாக வெட்டுங்கள்.

அங்கே இன்னும் இத்தனை மைனரும் ஆஸ்டினும் ஓடுவது எனக்கு ஆச்சரியம் இல்லை. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டிக் காப்பாற்றியவர்கள் தகட்டையா விட்டுவிடுவார்கள்?

5 மார்ச் 2024

தூத்துக்குடித் தம்பி படம் அனுப்பிவிட்டார். இரண்டு பக்கமும் படித்தகடு போய்விட்டது. இடப்பக்கப் பின் கை பாதி காகிதம். காலடித் தகட்டில் ஓரம் முழுக்கச் சல்லடை. டிக்கியில் ஸ்டெப்னிப் பள்ளம், பேட்டரித் தட்டு. சேசிஸின் நடு முதுகெலும்பு நன்றாக இருக்கிறது என்பது பெரிய ஆறுதல். அது போயிருந்தால் வேறு பேச்சு பேசியிருப்பேன்.

பாடியை மொத்தமாகத் தூக்கிவிடலாமா என்கிறார். இந்த வண்டியில் முடியும். ஆறேழு பேர் கை கொடுத்தால் தூக்கிவிடலாம், முன் பாதி பின் பாதி தனித்தனியாகக்கூடப் பிரியும். ஆனால் மக்கிய பாடியைத் தூக்கினால் அது இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும், திரும்ப வைக்கும்போது ஒரு ஓட்டையும் நேராக வராது. மேலே பாடி, கீழே சேசிஸ், ஒன்றை ஒன்று அளவுகோலாகப் பிடித்திருக்கட்டும். இருக்கிற இடத்திலேயே செய்யுங்கள்.

தரை சமமாக இருக்க வேண்டும். ஜாக்கி மேல் நம்பி யாரும் அடியில் படுக்கக் கூடாது, ஸ்டாண்டு வேண்டும். ஸ்டாண்டை சேசிஸின் முதுகெலும்புக்குக் கொடுங்கள், நுனிகளுக்கு அல்ல. கதவு இடைவெளியை நாலு இடத்தில் அளந்து சுவரில் எழுதி வையுங்கள். பக்கக் கையை வெட்டி மாற்றிய ஒவ்வொரு முறையும் கதவை மூடித் திறந்து பாருங்கள். கதவுதான் இந்த வண்டியின் ரசமட்டம். அது உரசினால் வெல்டிங்கை நிறுத்திவிட்டு, எங்கே இழுத்தது என்று பார்க்க வேண்டும்.

வரிசை இதுதான்: சேசிஸ் கைகள், பக்கச் சட்டம், பிறகு காலடித் தகடு, பிறகு தூணடி, கடைசியில் படித்தகடு. நம் ஆட்கள் தலைகீழாக ஆரம்பிப்பார்கள், ஏனென்றால் ஓனர் வந்து பார்க்கும்போது வெளியே தெரிவது படித்தகடு.

9 மார்ச் 2024

தகடும் வெல்டிங்கும்.

பாடிக்கு 20 கேஜ் சி.ஆர். ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய தகடு). அதாவது சுமார் 0.9 மி.மீ. இருப்பதில் மெல்லியது மலிவு என்று 24 கேஜ் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு, வெல்டிங் வைத்தாலே ஓட்டை விழும். சேசிஸ் கைகளுக்கு 16 அல்லது 14 கேஜ். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் துருப்பிடிக்காதே என்று கேட்காதீர்கள். வெல்ட் செய்யும் இடத்தில் துத்தநாகம் எரிந்து போய்விடும், அந்தப் புகையை இழுத்தால் இரவு குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கும்.

எதுவரை வெட்டுவது? துரு முடியும் இடத்தில் அல்ல, அதைத் தாண்டி பளபளவென்று முழுக் கனத்தோடு தகடு வரும் இடம் வரை. பெரும்பாலும் உள்ளங்கை அளவு ஓட்டை என்று ஆரம்பித்தது முழங்கை அளவில் முடியும். வெட்டும்போது வருகிற துக்கம் இயற்கை.

வெட்டுவதற்கு முன் அட்டையில் அச்சு எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கென்றே செய்தது போல இருக்கும், நன்றாக மடியும். மூலைகளை வட்டமாக வெட்டினால் வெடிப்பு விழாது.

ஒட்டுப் போடுவதில் இரண்டு கட்சி. பழைய தகட்டின் மேல் புதுத் தகட்டை ஏற்றி ஓரத்தை வெல்ட் செய்வது சுலபம். நடுவில் உண்டாகும் இடுக்கில் தண்ணீர் தங்கி, அடுத்த துரு அங்கேதான் பிறக்கும். விளிம்போடு விளிம்பு வைத்து வெல்ட் செய்வது சிரமம், நீடிக்கும். கண்ணுக்குத் தெரியும் இடங்களில், தண்ணீர் தங்கும் தாழ்வான இடங்களில், இரண்டாவதுதான். காலடித் தகட்டின் நடுவில் முதலாவதைப் பொறுத்துக்கொள்வேன், இடுக்கில் துத்தநாகப் பிரைமரும் மேலும் கீழும் சீலரும் இருந்தால். கம்பெனியில் ஸ்பாட் வெல்ட் இருந்த விளிம்புகளில் மேல் தகட்டில் துளை போட்டு அந்தத் துளையை நிரப்பி வெல்ட் வைத்தால் பார்வைக்கும் பழையபடி இருக்கும்.

மெல்லிய தகட்டுக்கு சி.ஓ.2 வெல்டிங் (கரியமில வாயு விட்டு, கம்பி ஊட்டிச் செய்வது). குச்சி வைத்துச் செய்யும் ஆர்க் வேண்டவே வேண்டாம், சேசிஸில் கனமான இடத்துக்கு மட்டும் சரி. கேஸ் வெல்டிங்கைச் சிலர் ஏளனமாகப் பேசுகிறார்கள். கை தெரிந்த பெரியவர் ஒருவர் கேஸ் வைத்து, சூட்டோடு சூடாக டாலி (பின்பக்கம் தாங்கும் இரும்புக் கட்டி) பிடித்து சுத்தியால் தட்டி, ஒட்டே தெரியாமல் செய்ததைப் பார்த்திருக்கிறேன். சி.ஓ.2 ஒட்டு கடினம், கேஸ் ஒட்டு மிருதுவாகத் தட்டுக்கு வளையும். அந்தக் கை இல்லாதவர் கேஸ் வைத்தால் கதவுத் தகடு அலை அலையாகிவிடும் என்பதும் உண்மை. எதுவானாலும் ஒரே இழுப்பில் வெல்ட் ஓட்டக் கூடாது. இங்கே ஒரு புள்ளி, அங்கே ஒரு புள்ளி, ஆற விட்டு நடுவில் ஒரு புள்ளி.

பித்தளைப் பற்று வைத்த பழைய ஒட்டு கண்ணில் பட்டால் அந்த இடத்தை முழுவதும் வெட்டி எடுங்கள். பித்தளை கலந்த இரும்பில் சி.ஓ.2 வெல்ட் பிடிக்காது, வெடித்து வெடித்துப் போகும்.

9 மார்ச் 2024, சற்று நேரம் கழித்து

பெட்ரோல் டேங்க்! ஹெரால்டில் அது டிக்கிக்குள்ளேயே பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. டிக்கித் தளத்தில் வெல்ட் வைக்கும் முன் கழற்றி, ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். காலிதானே என்று விடாதீர்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். சீட், மேட், கதவு அட்டை எல்லாம் வெளியே. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு தீயணைப்பான். வேலை முடிந்ததும் உடனே கதவைப் பூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போகாதீர்கள். தரை மேட்டுக்கு அடியில் இருந்த பழைய சாக்கு அரை மணி நேரம் கழித்துப் புகையும்.

16 மார்ச் 2024

கோவையிலிருந்து பத்மினி வைத்திருக்கும் அம்மா ஒருவர், நான் பட்டிக்கே எதிரி மாதிரி பேசுகிறேன் என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். "எங்க டிங்கர் பட்டி இல்லாம ஒரு வண்டிகூட முடிச்சதில்லைங்க. புது வண்டி ஆக்சிடென்ட் ஆனாலும் பட்டிதானுங்களே?"

சரிதான். பட்டி தப்பில்லை, பட்டியைத் தகடாக நினைப்பதுதான் தப்பு. வெல்ட் செய்து தட்டி நேராக்கிய பிறகு மிஞ்சும் மேடு பள்ளத்துக்கு, ஒன்றிரண்டு மி.மீ. கனத்தில், ஹார்டனர் கலந்த பாலியஸ்டர் பட்டி. அது ஈரம் உறிஞ்சும் பொருள். வாட்டர் பேப்பரில் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது பிரைமர் அடித்த பிறகு சரி. வெறும் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் அந்தத் தண்ணீர் உள்ளேயே தங்கி, ஆறு மாதத்தில் கொப்புளமாக மேலே வரும். பட்டியை உலர்ந்த பேப்பரில் தேய்க்கச் சொல்லுங்கள். தூசி பறக்கும், மாஸ்க் போடட்டும்.

வெறும் தகட்டின் மேல் பட்டியா, எபாக்சி பிரைமருக்கு மேல் பட்டியா? முதலாவதுதான் பிடிப்பு என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும் சில பிராண்டுகள் உண்டு. கடலோர ஊருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன். மணல் அடித்த அல்லது கரடாகத் தேய்த்த தகட்டில், அன்றைக்கே, இரண்டு கோட் எபாக்சி. அது நன்றாக இறுகிய பின் லேசாகத் தேய்த்துப் பட்டி. ரெட் ஆக்சைடு ஜன்னல் கம்பிக்குப் போதும். தேய்த்த தகட்டை ஒரு இரவு திறந்து வைக்காதீர்கள், தூத்துக்குடியில் காலைக்குள் அது சிவந்துவிடும்.

தடவுவதற்கு முன் தின்னரில் துடைத்துவிட்டு வெறும் கையால் தடவிப் பார்க்கும் பழக்கம் எல்லா டிங்கருக்கும் உண்டு. கை வியர்வையும் உப்புதான்.

2 ஏப்ரல் 2024

"ஆர்.சி.யில் பிரச்சினை வருமா?" என்று கேள்வி.

2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருடம் கடந்த வண்டியை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000. வண்டி அசல் உருவத்தில் இருக்க வேண்டும், சேசிஸையோ பாடியையோ எஞ்சினையோ பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டி ஊர்வலம், பராமரிப்பு, எரிபொருள் மாதிரித் தேவைகளுக்கு மட்டும். தம்பி மார்க்கெட்டுக்கு ஓட்டப்போகிறார் என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம், இருக்கிற ஆர்.சி.யைப் புதுப்பித்துக்கொள்ளலாம்.

எப்படியானாலும் எண் பொறித்த தகட்டில் கிரைண்டரை வைக்காதீர்கள். ஃபயர்வாலில் பேட்டரித் தட்டு வெட்டும்போது பக்கத்தில் இருக்கும் எண் தகட்டைப் பத்திரமாகக் கழற்றி, இருந்த இடத்திலேயே திரும்பப் பொருத்துங்கள். வெட்டும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். ஒரு ஆபீசில் "இந்த எண்ணை யார் அடித்தது?" என்று என்னிடம் கேட்டவருக்கு விளக்கம் சொல்லி முடிக்க ஒரு மதியம் போனது.

14 ஏப்ரல் 2024

எல்லோருக்கும் புத்தாண்டு. வீட்டில் மாங்காய்ப் பச்சடி, வெளியே பக்கத்து வீட்டு ஜீப்பின் அடியில் நான்.

பெட்டிச் சட்டங்களுக்குள் என்ன விடுவது என்று நேற்று போனில் ஒருவரிடம் பழைய எஞ்சின் ஆயில் போதும் என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார்த்து அதை மாற்றிச் சொல்கிறேன். நம் ஊர் லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், பலனும் உண்டு. ஆனால் ஓடித் தீர்ந்த ஆயிலில் எரிபொருள் எரிந்ததால் வந்த அமிலம் இருக்கும், ரப்பர் புஷ்ஷை ஊதிவிடும், கையில் பட்டால் தோலுக்கும் ஆகாது. தரையெல்லாம் சொட்டும். புது ஆயிலில் கொஞ்சம் கிரீஸைச் சூடாக்கிக் கரைத்து விடுவது மேல். அதைவிட மேல், உட்பெட்டிக்கென்றே விற்கும் மெழுகு ஸ்ப்ரே. நீளக் குழாய் நுனியோடு வரும்.

நம் வெயிலில் மெழுகு உருகி வடியாதா? சாதாரண மெழுகு வடியும். வாங்கும்போது வெயில் தாங்கும் வகையா என்று பாருங்கள். முதல் சித்திரையில் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், அது ஒட்டுகளுக்குள் இறங்கியிருக்கிறது என்பதற்கு அடையாளம், நான் அதைத் திட்டுவதில்லை.

வெல்டிங் முடிந்து, பெயிண்ட் முடிந்து, கடைசியாகத்தான் இது. முன்னாலேயே அடித்துவிட்டு வெல்ட் வைத்தால் உள்ளே தீப்பிடிக்கும். வெளியே அடிப்பக்கம் கருப்பாக ரப்பர் அண்டர்கோட்டிங் அடித்துத் தரேன் என்பார்கள். துருவின் மேல் அடித்தால் அது போர்வை. உள்ளே என்ன நடக்கிறது என்று பத்து வருடம் யாருக்கும் தெரியாது. எபாக்சி நன்றாக ஏறிய புதுத் தகட்டின் மேல் மட்டும், மெல்லியதாக.

18 ஜூன் 2024

தம்பி சேசிஸ் வேலை முடித்துவிட்டார், இடப்பக்கக் கதவு இப்போது ஒரே தள்ளில் மூடுகிறதாம். அவருடைய டிங்கரே வெட்டி, அவரே வெல்ட் செய்திருக்கிறார். அவரை நான் சந்தேகமாகப் பேசியது கொஞ்சம் அதிகம். கை நல்ல கை. பழுதுக்கு மூன்று நாள் காசு கொடுக்கும் ஓனர்களுக்கு மூன்று நாள் வேலைதான் கிடைக்கும்.

இப்போது முக்கியமான வேலை: தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது. வெள்ளம் ஒரு தடவை. ஐம்பத்தேழு வருடம் வந்த தண்ணீர் வேறு வழிகளில் வந்தது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து, இன்னொருவர் ஹோஸ் பைப்பில் மழை மாதிரி மேலிருந்து விடட்டும். உட்கார்ந்தவர் டார்ச்சும் சாக்பீஸும் வைத்துக்கொண்டு ஒழுகும் இடத்தைக் குறிக்கட்டும். கண்ணாடி ரப்பர், பின் விளக்கு ரப்பர், டிக்கி ரப்பர், வைப்பர் தண்டு, மேல்கூரை போல்ட் ஏறும் விளிம்பு. எல்லாவற்றையும் பாருங்கள்.

கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், கண்ணாடி ஏறி இறங்கும் இடுக்கு அப்படி. அதை வெளியே விடத்தான் கதவின் அடியில் ஓட்டை வைத்திருக்கிறார்கள். அந்த ஓட்டையைப் பட்டியும் பெயிண்டும் அடைத்துவிடுவதால்தான் பாதிக் கதவுகள் சாகின்றன. பெயிண்ட் அடித்த கையோடு ஒரு குச்சியை விட்டுத் திறந்துவிடுங்கள். படித்தகட்டுக்கும் அப்படியே.

தரையில் பழையபடி சாக்கும் பஞ்சும் போட்டு மேட் விரிக்காதீர்கள். ரப்பர் மேட் போதும், மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவதைவிடக் கூரைக்கு அடியில் திறந்து வைப்பது நல்லது. புல் தரையில், மண் தரையில் நிறுத்தவே வேண்டாம்.

29 செப்டம்பர் 2024

புரட்டாசி நடக்கிறது, மழைக்கு முன் பெயிண்ட் முடிந்துவிட வேண்டும் என்று தம்பி அவசரப்படுகிறார். அவசரம் வேண்டாம். காற்றில் ஈரம் ஏறிய நாளில் என்.சி. பெயிண்ட் (நைட்ரோசெல்லுலோஸ் வகை) வெளிறிப் போகும், பிரைமருக்கு அடியிலும் ஈரம் மாட்டும். எபாக்சி அடித்த நிலையில் கூரைக்கு அடியில் தை வரை நிற்கட்டும், ஒன்றும் ஆகாது. எபாக்சி வெயிலைத் தாங்காது, நிழல் போதும்.

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஹெரால்டுக்கு படித்தகடு ஜோடி கிடைக்குமா என்று கேட்டிருந்தவருக்கு: அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். கிடைத்தாலும் காந்தம் எடுத்துக்கொண்டு போங்கள். வளைவு அதிகம் இல்லாத தகடு அது, மடிப்பு மிஷின் வைத்திருக்கும் பட்டறையில் உங்கள் பழையதைக் காட்டினால் புதிதாகவே மடித்துத் தருவார்கள்.

என்ன நிறம் அடிக்கலாம் என்று தம்பி கேட்டிருக்கிறார். தாத்தா காலத்து நிறம் டேஷ்போர்டுக்கு அடியிலோ, டிக்கி ரப்பருக்கு உள்ளேயோ ஒரு துணுக்காவது மிச்சம் இருக்கும், தேய்ப்பதற்கு முன் தேடி எடுங்கள். அதைப் பெயிண்ட் கடையில் கொடுத்தால் கலந்து தருவார்கள். மெட்டாலிக் சிவப்பு என்று மட்டும் சொல்லாதீர்கள், அந்த விவாதத்துக்கு எனக்குத் தெம்பு இல்லை.